அப்பாவின் தனிப் போட்டும் ஆறு சீற்றும்

எங்கள் அப்பா தன் வாழ்க்கையின் மிகப்பெரிய தீர்மானத்தை ஈஸ்ரர் மத்தியானச் சாப்பாட்டில், ஆட்டிறைச்சிக் கறிக்கும் பருப்புக்கும் நடுவில் வைத்து அறிவித்தார்.

"யூலையில எங்கட கலியாண நாளுக்கு அலாஸ்கா போறம். தனிப் போட் பிடிச்சு, பனியாற்றுக்குக் கிட்டப் போய்ப் பாக்கிறம். நான், எமில்டா, பிள்ளை. வேற ஒருத்தரும் இல்லை. ஒருத்தருக்கும் சொல்லவும் படாது."

"ஓமப்பா," என்றார் எமில்டா, அதாவது என் அம்மா.

அம்மா இவ்வளவு கெதியாக ஓம் சொன்னால் வீட்டில் உள்ளவர்கள் கதிரையை இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். நான் பிடிக்கவில்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. கோபம் வந்தால் எனக்கு வேறொன்றும் கண்ணில் படாது.

அப்பா சொன்ன அந்த 'ஒருத்தர்' யாரென்று ஊருக்கே தெரியும். அம்மாவின் தங்கை ஜூலிச் சித்தியின் கணவர், றிச்சர்ட் சித்தப்பா. நாங்கள் குடியிருக்கும் ரூஜிலேயே, எங்களுக்கு இரண்டு வீதி தள்ளி இருக்கிறார். குடும்பமாக நயாகரா போனால் முதல் கார் அவருடையது. அப்பா கியூபாவுக்குப் போக யோசித்தால், யோசித்து முடிக்குமுன் அவர் போய்வந்து படம் காட்டுவார். அப்பா புல்லு வெட்டும் மெஷின் வாங்கினார். அடுத்த கிழமையே அவர் ஏறி இருந்து ஓட்டுகிற மெஷின் வாங்கினார். அவருடைய புல்வெளி பாய் ஒன்று விரிக்கத்தான் காணும். மெஷினைத் திருப்புவதற்கே பக்கத்து வீட்டு வளவுக்குள் போகவேண்டும்.

"அவன் கண்டு முடிச்ச மிச்சத்தைத்தான் நான் இவ்வளவு காலமும் கண்டிருக்கிறன்," என்றார் அப்பா. "ஒண்டை, ஒரே ஒண்டை, நான் முதல் காணவேணும்."

பாவம்தான். ஆனால் நான் பல்கலைக்கழகத்தில் சுற்றாடல் படிக்கிறேன். பாவம் பார்க்க என் பாடத்திட்டத்தில் இடமில்லை.

"அப்பா, உது அநியாயம்! உருகிற ஐசைப் பாக்க டீசலை எரிச்சுக்கொண்டு போறதோ? வருத்தக்காரரைப் பாக்கப் போய் அவற்ற ஒட்சிசன் குழாயில ஏறி நிக்கிறது மாதிரி இருக்கு!"

"நான் போகாட்டிலும் உருகும்."

"எல்லாரும் உப்பிடிச் சொல்லிச் சொல்லித்தான் உருகுது!"

"அப்ப இன்னும் கெதியாப் போகவேணும்."

இப்படிப்பட்ட மனிதருடன் எப்படி வாதாடுவது? ஆனாலும் வாதாடினேன். தோற்றுக் களைத்து, கோப்பை துடைக்கக் குசினிக்குப் போனேன்.

"பிள்ளை, எனக்கொரு சந்தேகம்," என்றார் அம்மா, சட்டியைத் தேய்த்தபடி. "அந்தப் போட்டில ஆறு சீற்றாம். மூண்டு பேர் போனா மூண்டு பேருக்குரிய எண்ணெய்தானே எரியும்?"

"ஐயோ அம்மா! மூண்டு பேர் போனாலும் ஆறு பேர் போனாலும் கிட்டத்தட்ட ஒரே எண்ணெய்தான்!"

"அப்ப ஆள் கூடினால் பாவம் குறையுமோ?"

"தலைக்குப் பாதியாக் குறையும்!"

"எனக்கு உதுகள் விளங்காது. நீ படிச்ச பிள்ளை. நீயே அப்பாவுக்குச் சொல்லு."

சீற் வெறுமையாகப் போவது எங்கள் ஆட்களுக்கே தாங்காது. ஞாயிறு பூசைக்குப் போகும்போது எங்கள் வான் வண்டியில் ஓர் இடம் மிஞ்சினால், அம்மா பஸ் தரிப்பில் நிற்கும் யாரையாவது ஏற்றாமல் விடமாட்டார். ஒருமுறை ஏற்றப்பட்டவர் எங்கள் கோயிலுக்கே வராதவர். வேலைக்குப் போக நின்ற மனுசன், பாட்டுப் புத்தகத்தோடு முன்வரிசையில் இருந்தார். ஆனால் எனக்கு இது வழக்கம் அல்ல, கொள்கை. அப்பாவிடம் போய் அறிவித்தேன்:

"போட் நிரம்பினால் வாறன். இல்லாட்டி ஒஷாவாவில என்ர சிநேகிதி சஜிதா வீட்டில நிப்பன்."

"நில்," என்றார் அப்பா.

அடுத்த சனிக்கிழமை இரவுச் சாப்பாட்டில் அம்மா எனக்கு எதிராகத் திரும்பினார்.

"அப்பாவோட கொழுவாதை, பிள்ளை. அவர் சொல்லுறதுதான் சரி. றிச்சர்ட் வரவே கூடாது."

அப்பாவின் முகம் பூரித்தது. "அப்பிடிச் சொல்லு! படத்தைக் கொண்டுவந்து காட்டுவம், வயிறெரியட்டும்."

"காட்டலாம்... ஆனா நம்புவாரோ தெரியாது. போன கிழமை கோயில்ல அருள்மலர் அக்கா பாரிஸ் படம் காட்ட, 'உது ஏஐ, கையில ஆறு விரல் நிக்குது' எண்டவர். அக்கா எண்ணி எண்ணிக் காட்டியும் நம்பேல்லை."

அப்பாவின் கை இடியப்பத்தில் நின்றது. "அப்ப வீடியோ?"

"அதையும் இப்ப செய்யலாமோ பிள்ளை?"

தெரிந்த விஷயத்தில் நான் வாய் மூடி இருந்ததாகச் சரித்திரம் இல்லை. "வீடியோ என்ன, அப்பாவின்ர குரல், இருமல் எல்லாத்தையும் செய்யலாம்!"

அப்பா மிச்ச இடியப்பத்தைச் சாப்பிட்டு முடித்தார். கை கழுவினார். ஃபோனை எடுத்தார்.

"றிச்சர்ட், யூலையில லீவு எடுக்கேலுமோ? அலாஸ்கா. நான் கூட்டிக்கொண்டு போறன். நீர் சும்மா வந்து நிண்டு பாத்தால் போதும்."

ஃபோனை வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார். "அவன் தன்ர கண்ணாலயே பாக்கட்டும். ஆனா நான் காட்டித்தான் கண்டவன். அதுதான் வரலாறு."

"நீங்கள் சொன்னாச் சரி," என்றார் அம்மா, தோற்றுப்போனவர்போல.

அப்பாவுக்கு வெற்றி. போட் கிட்டத்தட்ட நிரம்பியதால் எனக்கும் வெற்றி. அன்றிரவு எங்கள் இருவருக்கும் நல்ல நித்திரை.

அலாஸ்காவில் எங்கள் போட்டை ஓட்டியவர் ஒரு பெண். அப்பா அவரிடமே போய், "கப்டன் எங்க?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் கொதித்துப்போய் வாயைத் திறப்பதற்குள் அவர் கயிற்றை அவிழ்த்துவிட்டார். சித்தப்பா, சித்தியோடு நாங்கள் ஐந்து பேர். ஆறாவது சீற்றில் அம்மாவின் கூலர் பெட்டி, சீற் பட்டி போட்டபடி: கட்லற், சம்பல் பாண், இரண்டு பிளாஸ்க் தேத்தண்ணி.

மழைத் தூறலுக்குள் நெடுந்தூரம் ஓடிப் பனியாற்றுக்கு எதிரே வந்ததும் கப்டன் எஞ்சினை நிறுத்தினார். மழையும் விட்டிருந்தது. பாடப்புத்தகத்தில் இருந்த அந்த நீலத்தை நான் அச்சுப்பிழை என்று நினைத்திருந்தேன். இல்லை. மலை உயரத்துக்கு நீலம். சுற்றிவர மிதந்த ஐஸ்கட்டிகள் சோடாப்போலச் சடசடத்தன. ஒரு கட்டியில் கடல்நாய் ஒன்று படுத்திருந்து எங்களைச் சட்டை செய்யாமல் பார்த்தது. திடீரென்று தூரத்தில் ஒரு சுவரே சரிந்தது. சத்தம் பிறகுதான் வந்தது, இடிபோல. கப்டன் அலைக்கு நேராகப் போட்டைத் திருப்பினார். தலைக்கு எவ்வளவு எண்ணெய் என்று கணக்குப் பார்க்க மறந்துவிட்டேன்.

"அண்ணை," என்றார் சித்தப்பா மெல்ல. "உண்மையாச் சொல்லுறன். இப்பிடி ஒண்டை நான் என்ர சீவியத்தில காணேல்லை."

அப்பா இரண்டு அங்குலம் வளர்ந்தார். சித்தப்பாவும் சித்தியும் நனைந்த மழைக்கோட்டுகளைக் கழற்ற, அப்பா என் காதுக்குள் குனிந்தார்.

"பாத்தியோ? ஜக்கற்றைக்கூட என்னைப் பாத்துத்தான் வாங்கியிருக்கிறான். அதே சிவப்பு."

பார்த்தேன். அப்பா, சித்தப்பா, அம்மா, சித்தி, நான்: எல்லோருக்கும் ஒரே சிவப்பு, ஒரே தையல், ஒரே பொத்தான். எங்கள் மூவருக்கும் பயணத்தன்று காலை அம்மாதான் எடுத்துத் தந்திருந்தார்.

"சித்தி, உந்த ஜக்கற் எங்க வாங்கினது?"

"நத்தாருக்கு மறுநாள், பொக்சிங் டே சேலில," என்றார் சித்தி, கட்லற்றை மென்றபடி. "அலாஸ்காக் குளிருக்கெண்டு நானும் அக்காவும் போய் அஞ்சையும் ஒண்டா எடுத்தனாங்கள்."

"மார்கழியிலயோ? நான் ஈஸ்ரருக்குத்தானே சொன்னனான்!" என்றார் அப்பா. அந்த இரண்டு அங்குலமும் இறங்கிவிட்டன.

"தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோப்பா," என்றார் அம்மா.

நான் வாயைத் திறந்தேன். சித்தி என் ஜக்கற்றின் தோளை இழுத்துச் சரிபார்த்தார்.

"உனக்கு மீடியம் காணுமெண்டு அம்மா அப்பவே சொன்னவ, பிள்ளை."