மேட்டுக்குப்பத்து சோடாத் தண்ணீர்

கலக்கியின் மோட்டார் ஒரு முனகல் முனகிவிட்டு நின்றபோது, தொட்டிக்குள் சுண்ணாம்புப் பால் இறங்கிக்கொண்டிருந்தது. வீரராகவன் சுவிட்சைத் தட்டினான். பிறகு மோட்டாரைத் தட்டினான். கடைசியில் தன் தலையில் அடித்துக்கொண்டான். எதற்கும் மோட்டார் மசியவில்லை.

கெட்ட நேரம், அதிகாரி தேவதர்ஷினி மேடம் தண்ணீர் நிலையத்தைப் பார்வையிட்டு ஒப்புதல் தர வருவதும் அன்றைக்குத்தான். ஒப்புதல் கிடைக்காவிட்டால் நிலையத்தைப் பூட்டுவார்கள். அவன் பொன்னேரிக்குப் போய் மச்சானின் உரக் கடையில் யூரியா மூட்டை தூக்க வேண்டும். மூட்டையைக்கூடத் தூக்கிவிடலாம். மச்சானின் அறிவுரையை யார் தூக்குவது?

மேட்டுக்குப்பத்தின் போர் தண்ணீர் ஏரிக்கரைக்கே உரிய தண்ணீர். பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. அதற்காகத்தான் ஊர் ஓரத்தில் இந்த நிலையம் வந்தது. முதல் தொட்டியில் சுண்ணாம்புப் பாலை ஊற்றிக் கலக்கினால், தண்ணீரின் கடினம் திரிந்து அடியில் படியும். மிஞ்சிய சுண்ணாம்பின் காரத்தை முறிக்க, இரண்டாவது தொட்டியில் சிலிண்டரிலிருந்து கார்பன் டை ஆக்சைடைக் குமிழ் குமிழாகச் செலுத்த வேண்டும். "சோடாவுல அடைப்பாங்களே, அதே கேஸ்தான்" என்று வீரராகவன் ஒருமுறை ஊராருக்கு விளக்கினான். அன்றோடு அவன் பெயர் போய் சோடாக்காரன் ஆனான்.

ஆனால் ஊர் அவனைக் கொண்டாடியது. திறப்பு விழா முடிந்த வாரமே, இட்லிக் கடை மார்கரெட் தன் இட்லி பூ மாதிரி வருவதாகச் சொன்னாள். படகு என்ஜின் மெக்கானிக் ஆல்வின், முடி கொட்டுவது நின்றுவிட்டதாகச் சொன்னான். கொட்டுவதற்கு அவன் தலையில் மிச்சமும் அதிகமில்லை. வார்டு உறுப்பினர் உலகநாதன் எல்லாப் புகழையும் தானே வாங்கிக்கொண்டார். வீரராகவனுக்கும் பெருமைதான். திருப்பாலைவனத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவன், குடிக்கத் தண்ணீரை வீட்டிலிருந்தே பாட்டிலில் கொண்டுவந்தாலும், இந்த ஊரின் தாகத்தைத் தீர்ப்பவன் தான்தான் என்று மனைவியிடம் அடிக்கடி சொல்வான். மனைவியும் சலிக்காமல், வரும்போது காய்கறி வாங்கிவரச் சொல்வாள்.

மோட்டார் விஷயத்தை வீரராகவன் உலகநாதனிடம் மட்டும் சொன்னான். இன்றைக்குத் தண்ணீரில் சுண்ணாம்பு கொஞ்சம் தூக்கலாக இருக்கலாம், யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றான். உலகநாதன் யாரிடமும் சொல்லவில்லை. ஊர் வாட்ஸ்அப் குழுவில் குரல் பதிவாகப் போட்டார். தண்ணீரில் சுண்ணாம்பு அதிகமாம், யாரும் பயப்பட வேண்டாம், நான் இருக்கிறேன் என்பது அதன் சாரம். அவர் இருக்கிறார் என்றதும் ஊருக்குப் பயம் இரண்டு மடங்கானது.

முதலில் மார்கரெட் வந்தாள், கையில் டீ டம்ளரோடு. டம்ளரில் டீ திரிந்து நின்றது.

"ராகவண்ணே, இன்னாண்ணே இது? பாலை ஊத்துனதும் திரிஞ்சிபோச்சு. மாவு கரைச்ச கையி தீயா எரியுது. உன் தண்ணியில சுண்ணாம்பு அடிச்சிக்கினு வருதுண்ணே."

பால் எப்போது வாங்கியது என்று கேட்க வீரராகவனுக்குத் தோன்றவில்லை. அவளை உட்கார வைத்துத் தேங்காய் எண்ணெய் கொடுத்தான். சுண்ணாம்பை முறிக்கக் கேஸைக் கூடுதலாகத் திறந்துவிடுகிறேன், இன்னும் கொஞ்ச நேரத்தில் காரமே தெரியாது, வேண்டுமானால் லேசாகச் சோடா மாதிரி இருக்கும் என்று தைரியம் சொன்னான். அவள் எதிரிலேயே சிலிண்டரின் திருகை நன்றாகத் திறந்தும் விட்டான். இரண்டாவது தொட்டி உலை கொதிப்பதுபோல் பொங்கியது. மார்கரெட் திருப்தியோடு போனாள், வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டே.

அடுத்து ஆல்வின் வந்தான்.

"எங்க நைனா ஒரு சொம்பு குடிச்சாருண்ணா. அப்போ ஏப்பம் வுட ஆரம்பிச்சவரு, இன்னும் நிக்கல."

அவருக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்று வீரராகவன் நடுங்கிப்போய்க் கேட்டான்.

"ஆவறதா? வருசக்கணக்கா நெஞ்சை அடைச்சினு இருந்தது வுட்டுப்போச்சாம். தெருவுல கீற பெருசுங்க அத்தினி பேரும் எங்க வூட்டு வாசல்ல சொம்போட நிக்கிறாங்க. கேஸை மட்டும் கொறைச்சிடாதண்ணா."

ஆனால் அதே நேரத்தில் உலகநாதன் போனில் கத்தினார். சோடாத் தண்ணீரில் சமைத்ததால் தன் வீட்டு இறால் குழம்பு புளித்துப்போனதாகவும், தான் ஒரு மக்கள் பிரதிநிதி என்பதை ராகவன் நினைவில் வைக்க வேண்டும் என்றும் சொன்னார். வீரராகவன் திருகைக் குறைத்தான். பெரியவர்களை நினைத்துக் கூட்டினான். குழம்பை நினைத்துக் குறைத்தான். கடைசியில் திருகு கையோடு வந்துவிட்டது.

கேஸ் இப்போது தன் இஷ்டத்துக்கு வந்தது. முதல் தொட்டியிலோ சுண்ணாம்பு கலங்காமல் அடியில் கூழாய்க் கிடந்தது. எப்படியாவது கலக்கியாக வேண்டும் என்று அவன் புலம்ப, ஆல்வினுக்கு யோசனை பிறந்தது. பழுது பார்க்க வந்த படகு என்ஜின் ஒன்று பட்டறையில் இருந்தது. நீண்ட கம்பியின் முனையில் விசிறி வைத்தது. ஏரியையே கலக்குகிற என்ஜின், ஒரு தொட்டியைக் கலக்காதா?

கலக்கியது. தொட்டியிலிருந்த சுண்ணாம்பு மொத்தமும் எழும்பிச் சுவர் மேலும், கூரை மேலும், வீரராகவன் மேலும் படிந்தது. நிலையத்துக்கு வெள்ளை அடிக்க வேண்டும் என்று அவன் எழுதிக்கேட்டு நாளாகியிருந்தது. அந்த வேலை செலவில்லாமல் முடிந்தது. தண்ணீரின் மேல் டீசல் வானவில்லாக மின்னியது.

படகு என்ஜின் விட்ட கதையை யாரிடமும் சொல்லக்கூடாது என்று வீரராகவன் ஆல்வினிடம் சத்தியம் வாங்கினான். ஆல்வின் சத்தியத்தைக் காப்பாற்றினான் என்றே வைத்துக்கொள்வோம். என்ஜின் பட்டறைக்குத் திரும்புவதற்குள், குழாயில் டீசல் வாடை வருகிறது என்று தெற்குத் தெருவிலிருந்து போன் வந்தது. குளித்தால் மீன் நாற்றம் அடிக்கிறது என்று கிழக்குத் தெரு சொன்னது. பரம்பரை பரம்பரையாக மீன் பிடித்து, மீன் விற்று, மீன் உலர்த்திய தெரு அது. அன்றுதான் முதன்முதலாக நாற்றம் தெரிந்தது.

வீரராகவன் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்துவிட்டான். உரக் கடையும் மச்சானும் கண்முன்னே வந்தார்கள். அதைவிட, ஊரே தன் கையால் டீசல் குடிக்கிறதே! புகழ்ந்த ஊர் இது. பொங்கலுக்கு நண்டு கொடுத்தனுப்பிய ஊர். யாராவது ஒரு குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? மறைப்பதில்லை, மேடம் வந்ததும் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்வது என்று அவன் முடிவுசெய்தான்.

தேவதர்ஷினி ஜீப்பிலிருந்து இறங்கியபோது, வாசலில் ஊர் கூடியிருந்தது. கூடவே குழாய் பதித்த ஒப்பந்தக்காரரின் ஆளான மோகன்குமார் வந்திருந்தான். அவன் கும்பலைப் பார்த்துவிட்டு, ஒரு ஓரமாகப் போய் நிழலில் நின்றுகொண்டான்.

தலை முதல் கால் வரை வெள்ளையாக நின்ற வீரராகவன் கைகூப்பினான். மேடம் முதலில் அவனைச் சிலை என்று நினைத்தார். சிலை பேசத் தொடங்கியதும் ஓரடி பின்வாங்கினார். அவன் மோட்டார் நின்றது, திருகு பிடுங்கிக்கொண்டது, என்ஜினை இறக்கியது என எதையும் விடாமல் சொன்னான்.

அவர் தொட்டித் தண்ணீரைக் குப்பியில் எடுத்துச் சோதித்தார். முகம் மாறியது.

"இந்தத் தண்ணியை யாராவது குடிச்சீங்களா?"

ஊரே கை தூக்கியது. மார்கரெட் எரிந்த கையைத் தூக்கிக் காட்டினாள். வரும் வழியில் தனக்கு இரண்டு முறை தலை சுற்றியதாக உலகநாதன் பதிவுசெய்தார். கிழக்குத் தெருக்காரர்கள், மேடம் தங்களை முகர்ந்து பார்க்கலாம் என்றார்கள். பெரியவர்கள் தனிக் கோஷ்டியாகச் சொம்புகளோடு முன்னே வந்து, சோடாவை நிறுத்தினால் பொன்னேரி ரோட்டில் உட்காருவோம் என்றார்கள். ஆல்வினின் நைனா பேச வாய் திறந்தார்; சாட்சியமாக ஓர் ஏப்பம் மட்டும் வந்தது.

தேவதர்ஷினிக்கு வியர்த்தது. எல்லாரையும் பழவேற்காடு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வண்டிகளுக்குச் சொல்லும்படி டிரைவரை விரட்டினார். பிறகு மோகன்குமார் பக்கம் திரும்பி, ஊருக்குப் போகிற குழாயை அந்த நிமிஷமே மூடச் சொன்னார்.

மோகன்குமார் நிழலை விட்டு நகரவில்லை. கும்பலை ஒருமுறை பார்த்தான், மேடத்தை ஒருமுறை பார்த்தான்.

"எதை மூடறது மேடம்? நீங்க ஓகே சொன்னப்புறம் சேர்க்கலாம்னு ஊர் லைனை இன்னும் சேர்க்கவே இல்லியே. தொறந்த நாள்லேர்ந்து இங்க வர்ற தண்ணி அத்தினியும் ஏரிக்குத்தான் போவுது, இவங்க குடிக்கிறது அதே பழைய போர் தண்ணி."