கூக்கால் பஸ்ஸுக்கு ஒரு மேனேஜர்

அன்னைக்கு எனக்கு ஒரே ஒரு சோலிதான். வீட்டு ஆளுகளையும் சமையல்காரங்களையும் சாமானையும் கொடைக்கானல்ல பஸ் ஏத்தி, கூக்கால்ல இருக்கிற தங்கச்சி வீட்ல கொண்டுபோய்ச் சேர்க்கணும்.

தங்கச்சி மகளுக்கு நிச்சயம். மாப்பிள்ளை வீட்டார் ஆடலூர்க்காரங்க. எங்க வழக்கத்துல ரெண்டு பக்கத்துத் தாய்மாமனும் எதிரெதிரே உக்காந்து தட்டு மாத்தினாத்தான் நிச்சயம். பொண்ணுக்குத் தாய்மாமன் நான்.

"அண்ணே, நல்ல நேரம் மத்தியானத்துக்கு மேல. அது தவறிப்போச்சுன்னா அவுக எந்திரிச்சுப் போயிருவாக. சகுனம் பாக்கிற ஆளுக. வெள்ளனே கெளம்பிரு" என்று தங்கச்சி போன்ல சொல்லுச்சு.

"ஏ தாயி, நான் இருக்கேன்ல!"

கூக்காலுக்கு பஸ் கம்மி. காலையில போற வண்டியை விட்டா சாயங்காலம்தான். அது வரைக்கும் நல்ல நேரம் காத்துக்கெடக்காது.

செண்பகனூர்ல ரோட்டோரம் டீக்கடை வச்சிருக்கேன். டீ ஆத்துறதும் நான், கிளாஸ் கழுவுறதும் நான். ஆளை வச்சு வேலை வாங்கிப் பழக்கமில்ல. அதனால முந்தின நாள் மருமகன்கிட்ட யோசனை கேட்டேன். அவர் ஒரு ஓட்டல்ல மேனேஜர்.

"மாமா, மேனேஜர் எதையும் தூக்கக் கூடாது. திட்டம் போடணும். ஆளுக்கு ஒரு வேலையாப் பிரிச்சுக் குடுக்கணும். பக்கத்துல நின்னு வேலை வாங்கணும். கடைசியா எல்லாம் சரியா இருக்கான்னு ஒரு பார்வை பாக்கணும். அம்புட்டுத்தான்."

"இதுக்கா மாப்ள மாசாமாசம் சம்பளம் தர்றாக?"

"ஆமா மாமா."

கிளாஸ் கழுவியே காலத்தை ஓட்டிட்டோமேன்னு இருந்துச்சு.

மறுநாள் காலையில பஸ் ஸ்டாண்டு. குளிர்ல எல்லாரும் போர்த்திக்கிட்டு நின்னாங்க. நான் மட்டும் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோள்ல புது ஜரிகைத் துண்டு. மேனேஜருக்குக் குளிரக் கூடாது.

சமையல்காரர் சின்னச்சாமியைக் கூப்பிட்டேன். "அண்டா குண்டான், காய்கறி, வாழையிலை எல்லாம் உன் பொறுப்பு." என் சம்சாரம் செல்லம்மாவைக் கூப்பிட்டேன். "பொம்பளையாளுகளும் தாம்பாளமும் உன் பொறுப்பு. எல்லாரும் கேட்டுக்கங்க! அவுகவுக வேலையை மட்டும் பாக்கணும். அடுத்தவுக வேலையில தலையிடக் கூடாது. என்னையக் கேக்காம ஒருத்தரும் பஸ்ஸை விட்டு எறங்கக் கூடாது."

"அப்ப உங்களுக்கு என்ன வேலைங்க?" என்றாள் செல்லம்மா.

"நான் மேனேஜர்."

"அது சரி. வேலை என்னன்னு கேட்டேன்."

பதில் சொல்றதுக்குள்ள ஒரு பஸ் வந்துருச்சு. ஓடிப்போய் ஜன்னல் வழியா ஜரிகைத் துண்டை வீசி சீட்டுப் புடிச்சேன். நல்ல சீட்டு. படியில கால் வைக்கிறதுக்குள்ள பஸ் நகர்ந்துருச்சு.

"அது வத்தலக்குண்டு வண்டிங்க" என்றார் சின்னச்சாமி.

"தெரிஞ்சுமா சும்மா நின்ன?"

"அடுத்தவுக வேலையில தலையிடக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

துண்டு மலையை விட்டு எறங்கிருச்சு. எனக்குக் கோவம் வரல. நான் சொன்னதை ஆளுக அப்படியே கேக்குறாங்களேன்னு பெருமையாத்தான் இருந்துச்சு.

அடுத்து கூக்கால் பஸ்ஸே வந்துச்சு. முன்னாடி நல்ல சீட்டாப் பாத்து என் பையை வச்சு இடம் புடிச்சேன். பைக்குள்ளதான் போனு, பணம் எல்லாம். வச்சுட்டுக் கீழ எறங்கி நின்னு வேலை வாங்கினேன்.

"அண்டாவைச் சாய்ச்சுப் புடி! இலைக்கட்டை நசுக்காத! தேங்கா மூட்டை உள்ள போகட்டும்!"

"ஐயா, நீங்க கொஞ்சம் வாசலை விட்டு ஒதுங்குனா எல்லாமே உள்ள போயிரும்" என்றார் சின்னச்சாமி.

ஒதுங்கினேன். போயிருச்சு.

கடைசியா மருமகன் சொன்ன அந்த ஒரு பார்வை. பஸ்ஸைச் சுத்தி வந்து ஒவ்வொரு ஜன்னலாப் பாத்தேன். அண்டா இருக்கு. இலைக்கட்டு இருக்கு. தாம்பாளத்தை மடியில வச்சு செல்லம்மா இருக்கா. கீழ ஒரு வெத்தலை கூட விழுந்து கெடக்கல.

"பெரியவரே, உங்க ஆளுக எல்லாம் ஏறியாச்சா?" என்று கண்டக்டர் கேட்டார்.

"ஏறியாச்சு!"

"சாமானு?"

"ஏறியாச்சு!"

"அப்பப் போலாமா?"

பஸ்ஸோட முதுகுல ரெண்டு தட்டுத் தட்டினேன். "ரைட்! ரைட்!"

பஸ் கெளம்புச்சு. எவ்வளவு அழகாப் போச்சு தெரியுமா! பின் ஜன்னல்ல யாரோ ஒரு கொழந்தை டாட்டா காட்டுச்சு. நானும் காட்டினேன். வளைவுல வண்டி மறையிற வரைக்கும் பாத்துக்கிட்டே நின்னேன்.

அதுக்கப்புறம்தான் தோணுச்சு. நான் ஏன் இங்க நிக்கிறேன்?

ஓடினேன். மலை ரோட்டுல என் வயசுல ஓடுனா எவ்வளவு தூரம் ஓட முடியுமோ, அவ்வளவு தூரம். பக்கத்து டீ மாஸ்டர் வரைக்கும். அவர் போனைக் குடுத்தார். நம்பரெல்லாம் என் போனுக்குத்தான் தெரியும், எனக்குத் தெரியாது. டாக்ஸிக்காரர், "அட்வான்ஸ் குடுங்க, போலாம்"னார். பணமும் போனும் பக்கத்துப் பக்கத்துல உக்காந்து கூக்காலுக்குப் போய்க்கிட்டிருந்துச்சு.

ரொம்ப நேரம் கழிச்சு ஒரு பிக்கப் வண்டி வந்துச்சு. கூக்கால்ல பூண்டுக் காட்டுக்குக் கோழி எரு ஏத்திட்டுப் போகுது. கையைக் காட்டினேன்.

"வாங்க பெரியவரே. முன் சீட்டுல மோட்டார் கெடக்கு. பின்னாடி மூட்டை மேல ஏறிக்கங்க" என்றார் டிரைவர்.

வெள்ளை வேட்டியோட கோழி எரு மேல உக்காந்தேன். வளைவுக்கு வளைவு மூட்டையைக் கட்டிப் புடிச்சுக்கிட்டேன். அந்த வாடைக்கு மூக்கைப் புடிக்கணும். மூக்கைப் புடிச்சா மூட்டையை விடணும். மூட்டையைத்தான் புடிச்சேன்.

பாதி வழியில ஒரு தோட்டத்துப் பக்கம் வண்டி நின்னுச்சு.

"இங்க கொஞ்சம் மூட்டை எறக்கணும். எறக்குற ஆளு இன்னைக்கு வரல. ஒரு கை புடிச்சா வெரசாப் போயிரலாம்."

"தம்பி, நான் பக்கத்துல நின்னு சொல்றேன். நீ எறக்கு."

"சொல்றதுக்கு நானே இருக்கேன் பெரியவரே. தூக்கத்தான் ஆள் இல்ல."

தூக்கினேன். அவர் சொன்னார். "சாய்ச்சுப் புடிங்க! நசுக்காதீங்க!"

எல்லாம் நான் காலையில சொன்னதுதான். கீழ இருந்து கேக்கும்போது நல்லாவே இல்ல.

கூக்கால் போய்ச் சேர்றப்ப வெயில் சாய ஆரம்பிச்சிருந்துச்சு. பந்தலுக்குள்ள ஓடினேன். சாம்பார் மணக்குது. இலை தயாரா இருக்கு. தாம்பாளமெல்லாம் வரிசையா இருக்கு. எல்லாம் நான் பிரிச்சுக் குடுத்தபடி கச்சிதமா நடந்திருக்கு.

ஜமுக்காளத்துல ஆடலூர்த் தாய்மாமன் உக்காந்திருந்தார். அவருக்கு எதிர்ல, நான் உக்கார வேண்டிய இடத்துல, என் பை உக்காந்திருந்துச்சு.

தங்கச்சி கண்ணைத் துடைச்சுக்கிட்டு வந்துச்சு. "எந்திரிக்கப் போறோம்னாக அண்ணே. இந்தா வந்துருவாருன்னு சொல்லித்தான் அண்ணி உன் பையை எடுத்து வச்சு இடம் புடிச்சாக. எங்கண்ணே போன நீ?"

செல்லம்மாவைப் பாத்தேன். "நான் ஏறலைன்னு உனக்குத் தெரியலையா?"

"சீட்டுல பை இருந்துச்சு. நீங்க பின்னாடி அண்டாவை மேனேஜ் பண்றீகன்னு நெனச்சேன்."

சின்னச்சாமியைப் பாத்தேன்.

"நீங்க முன்னாடி தாம்பாளத்தை மேனேஜ் பண்றீகன்னு நெனச்சேன்."

"வழியில எறங்கித் தேடியிருக்கலாமே!"

"உங்களைக் கேக்காம எறங்கக் கூடாதுன்னீங்க. கேக்கலாம்னு தேடினா உங்களைக் காணோம்."

நல்ல நேரம் முடிய இன்னும் கொஞ்சம் இருந்துச்சு. பையை நகர்த்திட்டு உக்காந்தேன். பந்தல்ல முன் வரிசை மெதுவாப் பின் வரிசையாச்சு. பொண்ணு என்னையே பாத்துச்சு. சிரிப்பா அழுகையான்னு அதுக்கே தெரியல.

ஆடலூர்த் தாய்மாமன் ஒரு தடவை மூச்சை இழுத்தார். நிறுத்தினார்.

"கோழி எருவா?"

"ஆமாங்க."

"மிளகுக் கொடிக்கு நாங்களும் அதைத்தான் போடுறோம். நல்லாப் புடிக்கும்." சந்தனக் கிண்ணத்தை எடுத்தார். வழக்கமா ஒரு விரல்ல தொட்டு நெத்தியில வைப்பாங்க. அவர் நெத்தியில ஆரம்பிச்சு, கழுத்து, ரெண்டு கைன்னு கிண்ணம் காலியாகுற வரைக்கும் பூசினார். அப்புறம்தான் தட்டு மாத்தினோம். குலவைச் சத்தம் கேட்டப்ப தங்கச்சி என் பக்கத்துல வந்து நின்னுச்சு. பக்கத்துலன்னா, கொஞ்சம் தள்ளி.

சாயங்காலம் மருமகன் போன் பண்ணினார். "எல்லாம் கரெக்டா வந்து சேர்ந்துச்சா மாமா?"

"மேனேஜரைத் தவிர எல்லாம் வந்து சேர்ந்துச்சு மாப்ள."

மறுநாள் கொடைக்கானலுக்குத் திரும்ப பஸ் ஏறினோம். அதே கண்டக்டர். என்னைப் பாத்தார், அண்டாவைப் பாத்தார், வாயைத் தொறந்தார்.

"பெரியவரே, எல்லாரும்..."

செல்லம்மா என் கையைப் புடிச்சு ஜன்னலோர சீட்டுல உக்கார வச்சுட்டுச் சொன்னாள்: "இவரு ஏறிட்டாரு. ரைட்!"