சத்தம் போடாத தட்டு

"இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சாகணும்!" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து முருகவேல் கத்தியது கீதாஞ்சலியின் காதில் விழவில்லை. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பிரச்சினையே அதுதான்.

டக் டக் டக் டக்.

அவர் நாற்காலி போட்டு ஏறி, சுவருக்கு மேலே தலையை நீட்டித் துண்டை வீசி ஆட்டிய பிறகுதான் அவள் சுவிட்சை அணைத்தாள். காதிலிருந்த பஞ்சை எடுத்தாள்.

"என்னண்ணா?"

"என்னண்ணாவா? என் விடுதிக்கு வர்றவங்க எதுக்கும்மா திருவண்ணாமலைக்கு வர்றாங்க? கண்ணை மூடி அமைதியா உக்காரத்தான். நீ நாள் பூரா டக்கு டக்குன்னு அடிச்சா? நேத்து ஒரு ஜெர்மனிக்காரம்மா அழுதுட்டாங்க."

"கத்தி செய்யற மெஷின்ணா. சத்தம் போடாம தாலாட்டா பாடும்?"

"பேசாம ஷெட்டை எனக்குக் குடுத்துடு. கார் நிறுத்த எடம் கம்மியா கீது. இல்லைன்னு வையி, தெருவுல எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கி நகராட்சியில குடுத்துடுவேன். பௌர்ணமி வரைக்கும் டைம்."

ஷெட் அவள் அப்பா விட்டுப்போனது. செங்கம் சாலையிலிருந்து உள்ளே பிரியும் அந்தச் சந்தில் ஒவ்வொரு வீடாக விடுதியாக மாறிக்கொண்டிருக்க, இந்தத் தகரக் கூரை மட்டும் பிடிவாதமாக நின்றது. அதற்குள் கீதாஞ்சலி அதைவிடப் பிடிவாதமாக நின்றாள். ஸ்ரீபெரும்புதூரில் கார் பாகம் செய்யும் கம்பெனியில் அவளுக்கு வரவேண்டிய சூப்பர்வைசர் பதவியை, அவளிடம் வேலை கற்றுக்கொண்டவனுக்குத் தூக்கிக் கொடுத்தார்கள். அன்றைக்கே அடையாள அட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு பஸ் ஏறியவள் அவள். இப்போது சமையல் கத்தி செய்கிறாள். கல்யாணச் சமையல்காரர்கள் தேடி வந்து வாங்கிப் போகிறார்கள். ஒவ்வொரு கத்தியிலும் 'கீதா' என்று பொறித்திருக்கும்.

"மெஷினை நிறுத்த மாட்டேன்ணா," என்றாள். "சத்தத்தைத்தான் நிறுத்துவேன். பௌர்ணமிக்குள்ள."

சொல்லிவிட்டாள். எப்படி என்று அவளுக்கே தெரியாது.

மெஷின் அவளே கட்டியது. மேலும் கீழும் சக்கரங்கள். அவற்றின்மேல் உப்புத்தாள் பெல்ட் ஒன்று சுற்றும். கத்தியை அதில் அழுத்திப் பிடித்துத் தீட்ட வேண்டும். அழுத்தும்போது பெல்ட் உள்ளே போய்விடாமல் இருக்கப் பின்னால் முட்டுக் கொடுத்து ஓர் இரும்புத் தட்டு. பிளேட்டன் என்பார்கள். பெல்ட்டின் ஒட்டுப்போட்ட இடம் ஒவ்வொரு சுற்றுக்கும் அந்தத் தட்டின் மேல்விளிம்பில் இடித்தது. அதுதான் டக் டக்.

மத்தியானம் சாப்பிட வந்த அவள் கணவன் தருமன், ஆட்டோவை நிழலில் விட்டுவிட்டுச் சமாதானமாகச் சொன்னான். "கோயம்புத்தூர்ல ரெடிமேடா தட்டு கிடைக்குதாம் கீதா. வாங்கிப் போட்டுடலாமே."

"அது யாரோ எவனோ அவன் மெஷினுக்கு யோசிச்சது. என் மெஷினுக்கு நான் யோசிக்கறேன். நீங்க சாப்பிடுங்க."

தரையிலேயே சாக்பீஸால் வரைந்தாள். புதுத் தட்டு நீளமாக இருக்கும். மேலும் கீழும் விளிம்பு உருண்டு வளைந்திருக்கும். ஒட்டு வழுக்கிக்கொண்டு போய்விடும். சூடு ஏறாமலிருக்க வரிசையாக ஓட்டைகள். வெட்டினாள், துளைத்தாள், மாட்டினாள், சுவிட்சைப் போட்டாள்.

டக் டக் நின்றுபோனது. அதற்குப் பதிலாக, ஓட்டைகளில் காற்றுப் புகுந்து, கீஈஈஈ என்று ஒரு விசில் கிளம்பியது.

சந்திலிருந்த நாய்களெல்லாம் ஷெட் வாசலில் கூடித் தலையை வானத்துக்குத் தூக்கி ஊளையிட்டன. ஆசிரமப் பக்கத்து நாய்களும் வந்து சேர்ந்துகொண்டன.

முருகவேலின் தலை சுவருக்கு மேலே தோன்றியது. "ஏம்மா, டக்கு டக்கே தேவலையே!"

"இன்னும் பௌர்ணமி வரலைண்ணா. எறங்குங்க."

ஓட்டைகளை அடைக்க வேண்டும். டைல்ஸ் கடையில் சமையல் மேடைக்கு வெட்டி மிச்சமான கிரானைட் துண்டு கிடைத்தது. கல் சூடும் தாங்கும், சத்தமும் போடாது என்று கணக்குப் போட்டுத் தட்டின்மேல் ஒட்டினாள். விசில் அடங்கியது. ஆனால் கல்லின் கனம் தாங்காமல் தட்டைப் பிடித்திருந்த சட்டம் நடுங்கியது. சட்டம் நடுங்க மெஷின் நடுங்கியது. மெஷின் நடுங்கத் தகரக் கூரை முழுவதும் தடதடவென்று ஆட ஆரம்பித்தது. கூரைமேல் பேன் பார்த்துக்கொண்டிருந்த குரங்குகள் பயந்து ஒரே தாவலாக முருகவேலின் மொட்டை மாடிக்குக் குடிபெயர்ந்தன. அங்கே யோகா விரிப்புகள் காய்ந்துகொண்டிருந்தன. ஒன்றிரண்டை அவை போகிற வழியில் எடுத்தும் போயின.

இந்த முறை முருகவேல் சுவர்மேல் முகத்தை வைத்துக்கொண்டு அவளையே பார்த்தார். கையில் பாதி கிழிந்த விரிப்பு.

"அதிர்ச்சியைத் தாங்க ஒரு மெத்தை வேணும். அவ்வளவுதான்," என்றாள் கீதாஞ்சலி, அவரிடமல்ல, மெஷினிடம்.

ஷெட் மூலையில் பழைய டயர் ஒன்று கிடந்தது. துண்டு துண்டாக வெட்டி, தட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவே அடுக்கி, போல்ட்டை முடுக்கினாள். வெட்டி முடித்த பிறகு தருமன் வந்தான். டயர் இருந்த இடத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"கீதா, அது பழைய டயர் இல்லடி. என் ஸ்டெப்னி."

"பழசு மாதிரிதான் இருந்துச்சு."

"நான் ஓட்டற டயரெல்லாம் அப்படித்தான் இருக்கும்!"

தடதட நின்றது. ஆனால் ரப்பர் வழியாக அதிர்வு தரைக்கு இறங்கி, தரையிலிருந்து சுவருக்கு ஏறி, அடித்தொண்டையில் யாரோ ஓயாமல் முனகுவது மாதிரி ம்ம்ம்ம் என்று கேட்டது.

"இது பரவாயில்லையே," என்றான் தருமன். "ஃப்ரிட்ஜ் மாதிரிதான் கீது. விட்டுடு."

"இதுவும் சத்தம்தான். நான் சத்தத்தைக் கம்மி பண்றேன்னு சொல்லலை. நிறுத்தறேன்னு சொன்னேன்."

விசித்திரம் என்னவென்றால், அதன் பிறகு முருகவேலின் தலை சுவருக்கு மேலே வரவேயில்லை. திட்டுகிறவர் திட்டாமலிருந்தால் அதற்கு ஏதோ காரணம் இருக்க வேண்டும் என்று அவளுக்கு நெருடியது. ஒருநாள் வாசலில் வந்து நின்றார். முகத்தில் புதுப் புன்னகை.

"மெஷினை எத்தனை மணிக்குப் போடுவ, எத்தனை மணிக்கு நிறுத்துவ, சொல்லும்மா?"

"எதுக்கு?"

"சும்மா, தெரிஞ்சுக்கத்தான்." கைபேசியில் தட்டிக்கொண்டார்.

அவர் போனதும் கீதாஞ்சலி தருமனிடம் திரும்பிப் பல்லைக் கடித்தாள். "சாட்சி சேர்க்கறாரு. நகராட்சியில நேரத்தோட சொல்லுவாரு பாருங்க."

மறுநாள் விடுதியில் கூட்டிப் பெருக்கும் ஆராயி, டம்ளரில் காபியோடு வந்தாள். "ஐயா குடுக்கச் சொன்னாரும்மா."

"லஞ்சமா? நான் காபிக்கு மசியறவ இல்லைன்னு சொல்லு."

ஆராயி தோளைக் குலுக்கிவிட்டு, காபியைத் தானே குடித்துக்கொண்டு போனாள்.

அதற்கடுத்த நாள் காலை மெஷினைப் போட ஷெட்டைத் திறந்தபோது சுவரோரம் ஒரு கூட்டம் உட்கார்ந்திருந்தது. விரிப்புப் போட்டு, வரிசையாக, அசையாமல். வெள்ளைக்காரர்கள், வடக்கத்திக்காரர்கள், பெங்களூருக்காரர் மாதிரி ஒருவர். முன்வரிசையில் தாடிவைத்த நெட்டை மனிதர் ஒருவர் கழுத்தில் 'சைலன்ஸ்' என்று ஓர் அட்டையைத் தொங்கவிட்டிருந்தார்.

அந்த ஊரில் மௌன விரதக்காரர்கள் அப்படி மாட்டிக்கொள்வது அவளுக்குத் தெரியாததல்ல. ஆனால் மலையைச் சுற்றி அத்தனை இடமிருக்க, தன் சுவரோரம் வந்து அதை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் அதற்கு என்ன அர்த்தம்?

"தர்ணா!" என்றாள் தருமனிடம். "ஆள் வச்சு தர்ணா பண்றாரு."

பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துப் போய் அவர்களுக்கு நேர் எதிரே போட்டாள். மெஷினை ஓடவிட்டுவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து அவர்களை முறைத்தாள். அவர்கள் கண்ணைத் திறந்தால்தானே முறைப்பது தெரியும்? அவள் முறைக்க முறைக்க அவர்கள் முகத்தில் சாந்தம்தான் கூடியது. அவளுக்கு ஆத்திரம் ஜாஸ்தியானது.

கடைசியில் ஜெர்மனிக்காரம்மா கண் திறந்தாள். கன்னத்தில் நீர் வழிய, ஷெட்டைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"பார்த்தீங்களா, கெஞ்சறாங்க," என்றாள் கீதாஞ்சலி.

"பாவம் கீதா. வயசானவங்க. அழறாங்க."

"அழுதா விட்டுடணுமா? நான் மட்டும் சிரிச்சுக்கிட்டா வேலையை விட்டுட்டு வந்தேன்?"

அன்றிலிருந்து ஓரளவுக்கு வெறிதான் பிடித்தது அவளுக்கு. தினமும் கூட்டம் கூடிக்கொண்டே போனது. அவளும் தினமும் ஒரு தட்டு வரைந்து அழித்தாள். ஒரு தட்டு போதாது, மூன்று அடுக்கு வேண்டும். முன்னால் மெல்லிய எஃகு, கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் புடைப்பாக. அப்போதுதான் பெல்ட் படபடக்காமல் ஒட்டி ஓடும். அதன்மேல் வழுக்குவதற்குக் கிராஃபைட் துணி. பின்னால் தக்கை. எஃகும் சட்டமும் எங்கேயும் நேராகத் தொட்டுக்கொள்ளக் கூடாது. மெஷின் காலுக்கடியில் மணல் நிரப்பிய பெட்டி. புடைப்பு கொஞ்சம் தவறினாலும் கத்தி கோணும். கோணிய கத்திகளையெல்லாம் வாளியில் போட்டுவிட்டுத் திரும்பத் திரும்பத் தேய்த்தாள். விரல் நுனிகளில் தோல் உரிந்தது. தருமன் சோறு ஊட்டாத குறை.

பௌர்ணமியன்று காலை. கிரிவலத்துக்குக் கூட்டம் வந்து இறங்கிக்கொண்டிருந்தது. சுவரோரம் தர்ணாக்காரர்கள் எப்போதையும்விட நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். கீதாஞ்சலி புதுத் தட்டை மாட்டி, கடைசி போல்ட்டை முடுக்கி, சுவிட்சைப் போட்டாள்.

ஒன்றுமில்லை.

மின்சாரம் இல்லையோ என்று தருமன் அண்ணாந்து விளக்கைப் பார்த்தான். பெல்ட் சுற்றிக்கொண்டிருந்தது. கத்தியை வைத்தாள், தீப்பொறி பறந்தது. ஸ்ஸ் என்று, பட்டுப்புடவை தரையில் உரசுகிற சத்தம். அவ்வளவுதான். கத்தியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். இதுவரை அவள் தீட்டியதிலேயே நேரானது.

"யார்கிட்ட?" என்றாள் மெதுவாக.

வெளியே எட்டிப் பார்த்தாள். உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கண் திறந்தார்கள். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நெட்டை மனிதர் சுவரில் காதை வைத்துக் கேட்டார். பிறகு விரிப்புகளைச் சுருட்டிக்கொண்டு, தலையைக் குனிந்தபடி கலைந்து போனார்கள். கொஞ்ச நேரத்தில் விடுதி வாசலில் பெட்டியும் முதுகுப்பையுமாக நின்றார்கள்.

"தர்ணா கலைஞ்சுடுச்சு!" கீதாஞ்சலி ஸ்பானரைத் தூக்கிக் காட்டினாள். "தோத்த வெட்கத்துல ஊரை விட்டே போறாங்க பாருங்க!"

விளக்குமாறும் கையுமாக ஆராயி ஓடி வந்தாள்.

"வா ஆராயி. உங்க ஐயாகிட்ட போய்ச் சொல்லு. சொன்னதைச் செஞ்சு காட்டிட்டேன். இனிமே இந்த ஷெட்டுலேருந்து ஒரு சின்னச் சத்தம்கூட வராது!"

"ஐயோ, அதுக்குத்தான்மா ஓடியாந்தேன்! அந்த 'ம்ம்ம்' சத்தம் மலைக்குள்ளாருந்து வர்ற ஓங்காரம்னு சொல்லித்தான் ஐயா அத்தினி பேரையும் உன் சுவரோரம் உக்கார வச்சிருந்தாரு. இப்ப மலை பேச்சை நிறுத்திடுச்சுன்னு எல்லாரும் ரூமைக் காலி பண்றாங்க, அந்த டயர் வச்ச தட்டையே திருப்பி மாட்டிடணுமாம்!"