தோம்பை மூடினோமா?

பீடோங் சிக்னலில் கார் நின்றதும் பரஞ்சோதி பக்கத்து இருக்கைப் பக்கம் திரும்பினார்.

"தங்கமணி, கேஸ் தோம்ப மூடுனியா?"

"அத நான் பாத்துக்கிட்டேன். பச்ச விழுந்திருச்சு, போங்க," என்றாள் மனைவி.

அவர் போனார். மனசு மட்டும் சிக்னலிலேயே நின்றுவிட்டது.

சுங்கைப்பட்டாணியில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் பரஞ்சோதிக்கு வேலை. கையுறைக்குள் தண்ணீரை ஊற்றி ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முப்பது வருடமாக இதையே பார்த்ததில், ஓட்டை இல்லாத இடத்தில் அவர் மனசுக்கு நிற்கவே தெரியாமல் போயிற்று. வீட்டை விட்டுக் கிளம்பும்போது சிலிண்டர் என்கிற கேஸ் தோம்பின் திருகை மூன்று தடவை தொட்டுப் பார்த்தால்தான் கால் வாசல் தாண்டும். இன்று தொடவில்லை. தங்கமணி சமையலறைக் கதவில் இரண்டு கையையும் விரித்து நின்றுகொண்டாள். காலைத் தேநீர்கூடக் கடையில்தான்.

இதற்கு முன் மூன்று முறை ஜெராய் மலைக்குக் கிளம்பி, மூன்று முறையும் பாதி வழியில் வண்டி திரும்பியிருக்கிறது. திரும்பி வந்தவர்கள் சும்மா கிளம்பிவிட முடியுமா? உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். குடித்து முடிப்பதற்குள் ராகுகாலம் வந்துவிடும். ராகுகாலம் போனால் மழை வந்துவிடும்.

தங்கமணி சுங்கை லாலாங் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். பால் மரம் வெட்டிய நாளிலிருந்து அந்த மலையைக் கீழே நின்றே பார்த்தவள். அடுத்த வாரம் அவளுக்கு முட்டியில் அறுவை சிகிச்சை.

"ஒரே ஒரு தடவ அங்கேருந்து நம்ம எடத்த பாக்கணும்லா," என்று நேற்றுக் கேட்டாள். "இந்தத் தடவயும் வண்டி திரும்புச்சுன்னா, இனிமே எங்கயும் கூட்டிட்டுப் போங்கன்னு உங்கள கேக்கமாட்டேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் பரஞ்சோதி சமாளித்திருப்பார். அவள் சாதாரணமாகச் சொன்னாள். அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

குருண் வந்ததும் பெட்ரோல் எண்ணெய் நிலையத்தில் வண்டியை நிறுத்தினார்.

"டண்டாஸ் போய்ட்டு வந்துர்றேன்."

கழிப்பறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு பக்கத்து வீட்டுச் சதாசிவத்தைக் கூப்பிட்டார். சதாசிவம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். கூப்பிட்டால் வேலையே இல்லாததுபோல் உடனே எடுப்பார். உண்மையிலேயே வேலை இல்லை.

"அண்ணே, எங்க அடுப்படி ஜன்னல்கிட்ட போயி கேஸ் நாத்தம் அடிக்குதான்னு பாருங்கண்ணே."

செருப்புச் சத்தம் கேட்டது. பிறகு மூச்சை உறிஞ்சும் சத்தம்.

"அடிக்குதுப்பா. கும்முன்னு அடிக்குது!"

பரஞ்சோதி போனுக்குள் கத்தினார். "ஜன்னல தொறந்து விடுங்கண்ணே!"

"எப்படித் தொறக்குறது? நீதான் எல்லாத்தையும் பூட்டி வச்சிருக்கியே."

"அப்போ யாரும் கிட்ட வந்து நெருப்பு பத்த வைக்காம பாத்துக்குங்க."

இதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். சதாசிவம் எந்தக் காரியத்தையும் அரைகுறையாகச் செய்கிறவர் அல்ல. அவர்கள் குடியிருக்கும் தாமானின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். பரஞ்சோதி காருக்குத் திரும்புவதற்குள் பன்னிரண்டு செய்திகள். மலை அடிவாரம் வருவதற்குள் நாற்பது. எதிர்வீட்டு நளினி குக்கரை இரண்டாவது விசிலிலேயே அணைத்துவிட்டு மாமியாரைத் திடலுக்குக் கூட்டிப்போய்விட்டாள்.

"டயர்ல காத்து கொறஞ்ச மாதிரி இருக்கு," என்று மீண்டும் வண்டியை நிறுத்திப் பின்பக்கம் போய்க் குனிந்துகொண்டார்.

"அண்ணே, எல்லாரையும் வீட்டுக்குப் போகச் சொல்லுங்க!" என்று போனில் கிசுகிசுத்தார்.

"போகமாட்டாங்கப்பா, வேடிக்க பாக்கணும்ல. பொம்பாவுக்குச் சொல்லியாச்சு, தீயணைப்பு வண்டி வந்துக்கிட்டிருக்கு. சாவி எங்க?"

"என் பாக்கெட்டுல."

"இன்னொரு சாவி?"

"வீட்டுக்குள்ள. பத்திரமா இருக்கு."

சதாசிவம் போனை வைத்துவிட்டார்.

பரஞ்சோதி வந்து உட்கார்ந்தார். அந்த இடத்தில் சாலை அகலம். ஒரே மூச்சில் திருப்பிவிடலாம். தங்கமணி கண்ணாடி வழியே மலையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். முட்டியைக் கையால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"திரும்பப் போறீங்களா?" என்று மலையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

அவர் கியரை மாற்றினார். முப்பது வருடத்தில் முதல் தடவையாக, ஓட்டை இருக்கிறது என்று தெரிந்தே விட்டுவிட்டு, வண்டியை மேலே ஏற்றினார். வளைவுக்கு வளைவு போன் அலறியது. பிறகு சிக்னல் போய், அதுவும் அடங்கிவிட்டது.

உச்சியில் ஒன்றுமே தெரியவில்லை. எங்கும் பனிமூட்டம். இதற்கா வந்தோம் என்று அவர் நினைக்கும்போதே காற்று ஒன்று வந்தது. யாரோ துணியை உருவியதுபோல் மூட்டம் விலகிற்று.

ஒரு பக்கம் கடல். அதன் ஓரம் தொடங்கி, கண் போகிற தூரத்துக்கு வயல்களில் நிற்கும் தண்ணீர் வெயிலில் மின்னியது. இன்னொரு பக்கம் தோட்டங்கள், பச்சைக்கு மேல் பச்சையாக. இத்தனை பெரிய அழகின் காலடியிலா இத்தனை வருடம் தோம்புத் திருகைத் தொட்டுக்கொண்டிருந்தோம்? அவருக்கு உடம்பு சிலிர்த்தது.

தங்கமணி கட்டை விரலை நீட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டாள்.

"இங்க பாருங்க! எங்க தோட்டம் மொத்தமும் வெரலுக்குள்ள மறஞ்சிருச்சு. இவ்ளோ எடத்துக்குள்ளதானா நான் அவ்ளோ அழுதேன்?" அவள் கண் கலங்கியிருந்தது. முகமோ சிரித்தது.

அவரும் சுங்கைப்பட்டாணிப் பக்கம் விரலை நீட்டினார். தாமான், வீடு, பூட்டு, தோம்பு, பொம்பா வண்டி எல்லாம் நகத்தடியில் அடங்கிவிட்டன. விரலை எடுத்தார். உலகம் அப்படியே இருந்தது. மனசுக்குள் தேடிப் பார்த்தார். பயத்தைக் காணோம். வீடு போனால் போகட்டும், இவள் இங்கே இருக்கிறாள் என்று தோன்றியது. இப்படித் தோன்றியதே அவருக்குப் பெரிய அதிசயமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்துச் சிக்னல் திரும்பி வந்து போன் அடித்தது. ஒளித்துப் பேச இனி என்ன இருக்கிறது? மனைவிக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரைப் போட்டார்.

"சொல்லுங்கண்ணே. வீடு இருக்கா?"

"இருக்குலா. கதவுப் பூட்டுதான் போச்சு. நாத்தம் உங்க வீட்டுதே இல்லப்பா. ஜன்னலுக்குப் பின்னாடி யாரோ டுரியான் பழத் தோல மூட்டையா கட்டிப் போட்டிருக்காங்க. டீசல் மோந்த மூக்கு, எனக்கு வித்தியாசம் தெரியல."

"அப்போ தோம்பு மூடித்தான் இருந்துச்சா?"

"கேஸ் கடை ரவிச்சந்திரன் இங்கதான் நிக்கிறான். அவன்கிட்டயே கேளு."

தங்கமணி சட்டென்று கடல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அண்ணே, தோம்ப நேத்தே அக்கா என்கிட்ட குடுத்துட்டாங்க, நாளைக்குக் கொண்டாந்து மாட்டச் சொல்லியிருக்காங்க. உங்ககிட்ட மட்டும் சொல்லக்கூடாதுன்னாங்கண்ணே, தோம்பே இல்லன்னு தெரிஞ்சா நீங்க தண்ணி பைப்ப மூடுனோமான்னு ஆரம்பிச்சிருவீங்களாம்!"