புங்கநிழற் பரணி

ஆம்பூர் நெடுஞ்சாலையோரத்துக் காலணித் தொழிற்சாலையின் மூன்றாம் தையல் வரிசைத் தலைவி, ஊசியினும் கூரிய நாவினாள், பதினோராண்டுப் பழைய ஸ்கூட்டரின் ஒரே அரசி, ஜாஸ்மின் வாழ்க! அவள் ஹெல்மெட் வாழ்க! அவள் கண்ட களம் பாடுவேன். கேட்போர் குறுக்கே பேசாதிருப்பீராக.

போருக்குக் காரணம் பொன்னன்று, மண்ணன்று, நிழல். நூற்று நாற்பத்தாறு வண்டிகள் நிற்கும் தொழிற்சாலை முற்றத்தில் மரமென்று இருந்தது ஒற்றைப் புங்கமரம். அதன் அடியில் இடமோ ஒரே ஒரு வண்டிக்கு. வேலூர்ச் சீமையின் சித்திரை வெயிலில் நின்ற வண்டியின் சீட்டில் மாலையில் அமர்பவர் அமர்ந்த வேகத்திலேயே எழுந்துவிடுவர். மூன்று கோடைகளாக ஈரத்துண்டு விரித்தே வீடு சேர்ந்தவள் ஜாஸ்மின். அந்த நிழலுக்குத் தினமும் காலையில் அவளோடு மல்லுக்கு நின்றவர், கட்டிங் செக்ஷனில் இருபத்திரண்டாண்டு தோலறுத்த கத்திக்கரத்தார், மொபெட் வாகனர், கோதண்டராமன்.

வழக்கு முற்றவே, வாயில் காக்கும் வாட்ச்மேன் சர்தார் பாஷா சனிக்கிழமை மதிய இடைவேளையில் பிரகடனம் செய்தார்:

"சின்னப் பாலத்துலேர்ந்து லைட்டுக் கம்பம் வரைக்கும். யாரு முதல்ல தாண்டறாங்களோ, வருசம் பூரா நிழல் அவங்களுக்கு. அப்புறம் யாரும் பேஜார் பண்ணக் கூடாது!"

தோல் பதனிடும் பக்கத்து டேனரியில் பச்சைத்தோலுக்குத் தூவும் உப்பை அள்ளிவந்து, எதிரோர லைட்டுக் கம்பத்தடியிலிருந்து சாலையின் குறுக்கே வெண்கோடு இழுத்தார் பாஷா. கோட்டின் இப்பக்க முனை டேனரிக் கால்வாயின் வாயில் போய் முடிந்தது. அவ்விடத்து மணத்தைப் பாட எனக்குத் துணிவில்லை. மூக்கைத் துணியால் பொத்திக்கொண்டு பாஷா அங்கேயே நின்றார். போனில் படம்பிடிக்க வந்த பேக்கிங் நசீமுன்னிசாவோ, மூக்கைக் காக்கும் பொருட்டுக் கோட்டுக்குப் பத்தடி முன்னாலேயே, பாலத்துப் பக்கம், நின்றுகொண்டாள். முகங்கள் அழகாக விழவேண்டுமென்று போனைத் தூக்கிப் பிடித்ததால், உப்புக்கோடு படத்தில் விழவே இல்லை.

விசில் ஒலித்தது! புழுதி எழ, புகை சூழ, பிரியாணி தேக்சா ஏற்றிவந்த ஆட்டோ அஞ்சி ஓரங்கட்ட, தையல் மகளிர் ஒருபுறமும் கட்டிங் மறவர் மறுபுறமும் தொண்டை வறளக் கூவ, நசீமுன்னிசாவின் அருகே மொபெட்டும் கம்பத்தின் அருகே ஸ்கூட்டருமாக மணிக்கு நாற்பது கிலோமீட்டர் எனும் கொடுவேகத்தில் இருவரும் பாய்ந்து கோட்டைக் கடந்தனர்.

"ஜாஸ்மின்தான்! அரை சக்கரம் முன்னாடி!" என்றார் பாஷா.

ஆனால் வீடியோ வேறு சொன்னது. கம்பத்தை முதலில் தாண்டியது மொபெட்! உணவுக்கூடமே அதைப் பதினேழு முறை ஓட்டிப் பார்த்தது. "வீடியோ பொய் சொல்லுமா?" என்றனர் கட்டிங் மறவர். பாஷாவுக்குக் கண்புரை என்றான் ஒருவன். வாட்ச்மேனை ஜாஸ்மின் சரிக்கட்டிவிட்டாள் என்றான் இன்னொருவன். நிழல் போனதைக்கூட அவள் பொறுத்திருப்பாள். நேர்மையாக ஜெயித்தவளுக்குத் திருட்டுப் பட்டம் கட்டியதுதான் பொறுக்கவில்லை. சோற்றில் கைவைத்தபடி அழுதாள்.

பின் முகம் துடைத்து எழுந்தாள். இரு வண்டிகளையும் உருட்டிவரச் செய்து, இரண்டின் முன்சக்கரமும் உப்புக்கோட்டின்மேல் சரியாக நிற்கும்படி நிறுத்தினாள். நசீமுன்னிசா பழைய இடத்திலேயே நின்று ஒரு படம் எடுத்தாள். என்ன விந்தை! அசையாது நின்ற மொபெட், படத்தில் ஸ்கூட்டரைவிட ஒரு முழம் முந்தி நின்றது. சாய்ந்து பார்த்த கேமரா, தன் அருகே வந்த வண்டி கோட்டைத் தொடுமுன்பே தூரத்துக் கம்பத்தைத் தாண்டியதாகக் காட்டிவிட்டது.

"அண்ணே, ஓடாமலே ஜெயிச்சிட்டீங்க," என்றாள் ஜாஸ்மின். "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். தோல்மேல ஸ்கேல் வெச்சா, நீங்க சைடுல நின்னுக்கிட்டா அளவு பாப்பீங்க?"

சாய்ந்து அளவு பார்த்துத் தோலை வீணடித்த புதியவர்களை அன்றாடம் திட்டித் தீர்ப்பவர் கோதண்டராமன். பந்தயத்துக்காகப் பொய் சொல்ல அவருக்கு மனம் வந்திருக்கும். ஸ்கேல் விஷயத்தில் வரவில்லை.

"நேரா குனிஞ்சுதாம்மா பாக்கணும்," என்றார் தலைகுனிந்து. "சைடுல பாத்தா கோடு தள்ளித்தான் தெரியும். பாஷா பாய் நின்ன எடந்தான் கரெக்டு. நெழலு உன்னுது."

அவ்வளவில், தையல் மகளிர் குலவையிட, கட்டிங் மறவர் தலைசொறிய, சர்தார் பாஷா சாக்பீஸ் ஏந்திப் புங்கமரத்தடியில் ஜாஸ்மின் எனும் திருப்பெயரைப் பொறித்து, திங்கள் முதல் அந்நிழல் அவளுக்கே, அவள் வண்டிக்கே, வேறெவர் சக்கரமும் அதனைத் தீண்டற்க என நாற்றிசையும் அதிர முழங்கினார்.

பந்தயத்தில் முறுக்கிய முறுக்கில் ஸ்கூட்டரின் பெல்ட் அறுந்துவிட்டதால், திங்கட்கிழமை ஜாஸ்மின் டவுன் பஸ்ஸில் வந்தாள்.