நாதம் தேடிய அன்வர் பாஷா

மரம் தட்டிகள் என்றோர் இனம் உண்டு. அவர்கள் மரத்தை வெட்டுவதில்லை, இழைப்பதில்லை. விரல் முட்டியால் தட்டி, காதை வைத்துக் கேட்டு, "ம்ஹூம்" என்று எழுந்து போவார்கள். அவ்வளவுதான்.

எழுபதுகளில் தருமபுரியில் கடிகாரக் கடை வைத்திருந்த, கடை மூடினால் பழைய கிட்டாரொன்றை மீட்டும் அன்வர் பாஷாவைப் பாருங்கள். பெங்களூர் ஓட்டலொன்றில் ஜாஸ் கச்சேரி கேட்டார். அங்கே பார்த்த, வயலின்போல் முகம் வளைந்து வயிறு கூடான கிட்டார் அவர் தூக்கத்தைக் கெடுத்தது. அப்படியொன்றைச் செய்து உன் கல்யாணத்தில் வாசிப்பேன் என்று சிறுமியாயிருந்த மகள் ஷகிலாவுக்கு வாக்குக் கொடுத்தார். நகை, பட்டு எதற்கும் வாய் திறக்காத அந்தப் பெண் ஆசைப்பட்டது அது ஒன்றுக்குத்தான்.

முதுகுக்குப் பலாவா, வேங்கையா? கழுத்துக்குத் தேக்கு கனக்காதா? விரல் ஓடும் பலகைக்கு ஈட்டி என்றால், எந்த மலை ஈட்டி? அடுத்த வீட்டுக் கதவு, பஸ் ஸ்டாண்டு பெஞ்சு, சம்பந்தம் பேசப் போன இடத்தில் மாப்பிள்ளையின் கட்டில் என்று எதையாவது தட்டாமல் விட்டாரா? சம்பந்தியின் முகம் கறுத்துவிட்டது.

கடைசியில், பாலக்கோட்டு ஆலைக்கு இயந்திரம் வந்திறங்கிய பைன் மரப் பெட்டியின் பலகைதான் முகப்புக்கு என்று முடிவாயிற்று. தச்சர் மாது உளியைத் தீட்டினார்.

"அறுக்கட்டுங்களா பாய்?"

"இன்னொரு மழ போவட்டும் மாது. நல்லா காஞ்சாத்தான் நாதம் பேசும்."

மழைகள் போயின. ஷகிலாவுக்கு நாளும் குறித்தாயிற்று. பதறிப்போய்ப் பலகையைத் தேடினால், மனைவி வஹிதா அதைக் கோழிக்கூடாக்கியிருந்தாள்.

"வூட்ல சும்மாதான கெடந்துச்சு? கோழிங்க மழையில நனையுதுங்களே."

பாஷா கூட்டைத் தட்டினார். உள்ளே கோழி கத்தியது. பலகை அதைவிட இனிமையாக முழங்கியது. இத்தனை காலம் தேடிய நாதம் அதுவேதான். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

கல்யாணத்தன்று மணப்பெண்ணே ஆணியில் தொங்கிய பழைய கிட்டாரை எடுத்துவந்து நீட்டினாள்.

"இதையே வாசிங்க அத்தா. எனக்கு இது போதுங்க."

வாசித்தார். பந்தலே தலையாட்டியது. முகம் கறுத்த சம்பந்தியே இன்னொன்று கேட்டார். வாசித்து முடித்து இறங்கிய பாஷா பந்தல்காலைத் தட்டிப் பார்த்தார்.

"மாது, இது என்ன மரம்?"

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். ஆனால் நல்ல நேரம் வரட்டும் என்று நீங்கள் பரணில் ஏற்றிவைத்திருக்கிறீர்களே ஒரு காரியம், அதை இன்றே இறக்கிப் பாருங்கள். கோழி குடியேறியிருக்கப் போகிறது.