ஓரத்தில் ஓடிய பச்சைக் கோடு

எனக்கு மாறுகண் கிடையாது. எடுத்த எடுப்பிலேயே இதைச் சொல்லிவிடுவது நல்லது. கோயம்புத்தூரில் என் மாமியார் வீட்டுத் தெருவில் ஒன்றிரண்டு பேர், என்னுடைய எந்தக் கண்ணைப் பார்த்துப் பேசுவது என்று தெரியாமல் இன்னும் தடுமாறுகிறார்கள். அவர்கள்மேல் தப்பில்லை. நான் அங்கே வாழப் போவதற்கு முன்பே என்னைப் பற்றிய சேதி போய்விட்டது. அதற்குக் காரணம் என் கண் அல்ல. எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரின் வலது மேல் மூலையில் ஓடிய ஒரு பச்சைக் கோடு.

காரைக்குடியில் அப்பாவுக்கு மரப்பட்டறை. கதவு, நிலை, அலமாரி எல்லாம் செய்வார். கதவு எப்படி வரும் என்று யாராவது கேட்டால் காற்றிலே கையால் வரைந்து காட்டுவார். அவர்களும் புரிந்ததுபோலத் தலையாட்டிவிட்டுப் போவார்கள். படிப்பை முடித்துவிட்டு வந்த நான், இனி எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் வரைந்து காட்டுவேன் என்று அறிவித்தேன். நிலைக்கு மேலே கஜலட்சுமி, இரண்டு பக்கமும் யானை, சுற்றிலும் கொடி. கம்ப்யூட்டரோ பழசு. முதல் யானை ஒழுங்காக வரும். இரண்டாவது யானைக்குத் தும்பிக்கை வைக்கும்போது திரை அப்படியே உறைந்துவிடும். வந்தவர் ஒன்றரை யானையைப் பார்த்துவிட்டு, அப்பாவிடம் திரும்பி, நீங்க கையாலயே காட்டுங்க என்பார்.

என்னதான் நடக்கிறது உள்ளே என்று கண்டுபிடிக்க ஒரு சின்ன மென்பொருளை ஏற்றினேன். பிராசசர் எவ்வளவு பாடுபடுகிறது, மெமரி எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று திரையின் மூலையில் கோடு போட்டுக் காட்டிக்கொண்டே இருக்கும். பிராசசருக்குப் பச்சை, மெமரிக்கு நீலம். இரண்டும் உச்சியை முட்டினால் கம்ப்யூட்டர் உறையப் போகிறது என்று அர்த்தம். அதற்குள் தேவையில்லாததை மூடிவிட்டால் தப்பித்தோம்.

தப்பித்தேனா என்றால், இல்லை. எனக்கு அந்தக் கோட்டுப் பைத்தியம் பிடித்துவிட்டது. யானை வரைவதை விட்டுவிட்டுக் கோட்டையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஏறினால் நகத்தைக் கடிப்பேன், இறங்கினால் முகம் மலர்ந்துவிடும். (வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தபோதுகூட நான் இவ்வளவு அக்கறை காட்டியதில்லை என்று அம்மா சொல்வதுண்டு. உண்மைதான்.) கடைசியில் அது அப்பாவுக்கும் தொற்றிக்கொண்டது. பட்டறையிலிருந்து உள்ளே வந்தால் முதல் கேள்வியே, "பச்சை எறங்கிருச்சா?" என்பதுதான்.

இப்படி இருக்கும்போதுதான் அந்தச் சம்பந்தம் வந்தது. ஒக்கூர்ப் பக்கத்து ஆட்கள், கோயம்புத்தூரில் குடியேறியவர்கள். மாப்பிள்ளைக்கு அங்கே மோட்டார் பம்பு செய்யும் கம்பெனியில் வேலை. அதுவரை வந்த போட்டோக்களில் எல்லா மாப்பிள்ளைகளும் யாருடைய காரிலோ சாய்ந்துகொண்டு நின்றார்கள். இவர் மட்டும் ஒரு மின்விசிறியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார், கன்னத்தில் கிரீஸ் மையோடு. எனக்குப் பிடித்துவிட்டது. அம்மாவிடம் சொல்லவில்லை. ஆனால் போட்டோவை நான் திருப்பிக் கொடுக்காததிலேயே அவள் புரிந்துகொண்டாள்.

இப்போதெல்லாம் பெண் பார்க்க நேரே வருவதற்கு முன்னால் வீடியோவில் ஒருமுறை பார்த்துக்கொள்கிறார்கள். காரில் வந்து இறங்கி, கேசரியைத் தின்றுவிட்டு, வேண்டாம் என்று போனால் தெருவுக்கே தெரிந்துவிடும். வீடியோவில் வேண்டாம் என்றால் யாருக்கும் தெரியாது, கேசரியும் மிச்சம். அம்மா, போனே போதும் என்றாள். நான்தான் கேட்கவில்லை. கம்ப்யூட்டரில் பேசினால் பெரிதாகத் தெரியும் என்று சொன்னேன். பெரிதாக யார் தெரியவேண்டும் என்பதை அவளிடம் விளக்கவில்லை.

அன்று காலை கம்ப்யூட்டரில் இருந்த எல்லாவற்றையும் மூடினேன். கேமராவை மானிட்டரின் உச்சியில் நடுவே மாட்டினேன். பட்டுச்சேலை, தலை நிறைய மல்லிகை. மூலையில் பச்சை, நீலம் இரண்டும் அடக்க ஒடுக்கமாகத் தரையோடு படுத்திருந்தன. அப்பா என் இடது பக்கம், அம்மா பின்னால். திரையில் மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும் வந்தார்கள். நான் கும்பிட்டேன். அந்த நேரம் பார்த்து கம்ப்யூட்டர் தானாகவே எதையோ புதுப்பித்துக்கொள்ள ஆரம்பித்தது. பச்சைக் கோடு கிடுகிடுவென்று ஏறியது.

உறைந்தால் நான் எந்த முகத்தோடு உறைவேனோ, அந்த முகம்தான் அவர்கள் கண்ணுக்கு. பாதி மூடிய கண்ணும் கோணிய வாயுமாக உறைந்துபோன என் அத்தை மகளின் முகத்தை நான் வீடியோவில் பார்த்திருக்கிறேன். அதற்குப்பிறகு என் கண் அந்த மூலையை விட்டு நகரவில்லை. பார்க்க வந்த மாப்பிள்ளையை நான் பார்க்கவே இல்லை. நீலச் சட்டை போட்டிருந்தார் என்று பின்னால் சொன்னார்கள்.

மாப்பிள்ளையின் அம்மா நல்ல மாதிரி. கலகலவென்று பேசினார். மகனுக்குக் கம்பெனியில் சம்பளம் கூட்டியிருக்கிறார்கள் என்றார். கோடு ஏறியது. நான் முகத்தைச் சுளித்தேன். மருமகளை வேலைக்குப் போகவேண்டாம் என்று சொல்லவே மாட்டோம் என்றார். கோடு இன்னும் ஏறியது. உதட்டைக் கடித்தேன். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எங்க அத்தை போன ஆடியில தவறிட்டாக தாயி. பேரன் கல்யாணத்தப் பாக்காமலே போயிட்டாக" என்று கண்ணைத் துடைத்தார்.

கோடு மளமளவென்று இறங்கியது. நான் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தேன்.

பின்னாலிருந்து அம்மா என் முதுகில் கிள்ளினாள். எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. பிறகு மாப்பிள்ளையின் அம்மா மெதுவாகக் கேட்டார்.

"பொண்ணு பார்வை ஓரமாவே போகுதே. அங்குட்டு யாரு தாயி நிக்கிறது?"

நான் பதில் சொல்வதற்குள் அப்பா பதறிப்போய், யாரும் இல்லை என்று உறுதி செய்துகொள்வதற்காக என் வலது பக்கத்துக்கு ஓடினார். அங்கே பீரோ மட்டும்தான் இருந்தது. பீரோவுக்கும் எனக்கும் நடுவே நின்றுகொண்டு, "இங்குட்டு யாரும் இல்லைம்மா" என்றார். கேமராவில் அவர் முகம் விழவில்லை. முழங்கை மட்டும் விழுந்தது. யாரும் இல்லாத இடத்திலிருந்து ஓர் ஆணின் முழங்கையும் ஓர் ஆணின் குரலும் வந்ததை அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இதற்குள் கோடு மறுபடியும் எகிறி உச்சிக்குப் பக்கத்தில் போய் நின்றது. நீலமும் கூடவே. மாப்பிள்ளையின் அம்மா என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, "மனசுல வேற எண்ணம் எதுவும் இருந்தா இப்பவே சொல்லிரு தாயி, நாங்க தப்பா நினைக்க மாட்டோம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் காதில் வாங்கவில்லை. ஓடிக்கொண்டிருக்கும் வேலைகளின் பட்டியலைத் திறந்து, எது ரொம்பத் தின்கிறது என்று பார்த்தேன். முதலில் இருந்தது எதுவோ அதை ஒரே தட்டில் நிறுத்தினேன்.

பச்சை தரைக்கு வந்தது. நீலமும் வந்தது. அப்படி ஓர் இறக்கத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. "எறங்கிருச்சுப்பா" என்று கத்தினேன். அப்புறம்தான் திரையில் மாப்பிள்ளையும் இல்லை, மாப்பிள்ளையின் அம்மாவும் இல்லை என்பது தெரிந்தது. நான் நிறுத்தியது அந்த வீடியோவைத்தான்.

அப்பா போனைப் போட்டார். கம்ப்யூட்டரில் கோடு ஏறியது, அதைத்தான் பெண் பார்த்துக்கொண்டிருந்தது என்று உள்ளதை உள்ளபடி சொன்னார். உண்மை அவ்வளவு பொய்யாக ஒலித்து நான் கேட்டதே இல்லை. அந்தம்மா கோபிக்கவில்லை. "பரவாயில்லண்ணே. கேட்டதுக்குப் பொண்ணு பதில் சொல்லிருச்சு. கட்டாயப்படுத்தாதீக, பாவம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். திட்டியிருந்தால்கூட எனக்குத் தேவலை.

அம்மா பட்டுச்சேலையை மடித்துக்கொண்டே அழுதாள். பீரோ ஓரத்தில் நின்றதற்கு அப்பா தன்னைத்தானே திட்டிக்கொண்டார். நான் மல்லிகையைக்கூட எடுக்காமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. அதை யாரிடமும் சொல்லாமலே அவரை மூடிவிட்டேன். அந்த நினைப்பில் எனக்கும் அழுகை வந்துவிட்டது. அழும்போதும் கண் மூலைக்குத்தான் போனது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அங்கேதான் வழியும் இருந்தது. அந்த மென்பொருள் ஓடி முடிந்த கோட்டை அழிக்காமல் வைத்திருக்கும். காலையில் பேசிய நேரத்தின் கோட்டை அப்படியே படமாக எடுத்தேன். மேடு பள்ளங்களுக்குப் பக்கத்தில் ஒவ்வொன்றாக எழுதினேன். இது உங்கள் சம்பளம். இது நான் வேலைக்குப் போகலாம் என்றது. இந்தப் பள்ளம் உங்கள் பாட்டி, மன்னித்துக்கொள்ளுங்கள். இந்த உச்சியில் நிற்பது என் அப்பாவின் முழங்கை. கடைசியாகச் செங்குத்தாக விழுந்த இடத்தில், இங்கே மூடியது தெரியாமல், என்று எழுதினேன். ஜாதகத்தோடு வந்த நம்பருக்கு அதை அனுப்பினேன். பெண்ணே மாப்பிள்ளைக்கு நேராக எதையும் அனுப்புவது எங்கள் வீட்டில் நடக்காத காரியம். ஒரு காதல் வார்த்தைகூட இல்லாததால் துணிந்துவிட்டேன்.

சாயங்காலம் வரை பதில் இல்லை. பிறகு ஒரே வரி வந்தது. "எட்டு ஜிபி மெமரி போட்டா சரியாப் போகும்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நேரிலேயே வந்தார்கள். தாம்பூலத் தட்டில் வெற்றிலை, பழம், பூ. பூவுக்கு நடுவே, பிரிக்காத அட்டையில், சீப்பு நீளத்தில், கம்ப்யூட்டருக்குள் செருகுகிற ஒரு மெமரி. அதை எடுத்து யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் அம்மா சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டாள்.

மாப்பிள்ளையின் அம்மா என் கண்ணை உற்றுப் பார்த்தார். இந்தப் பக்கம் திரும்பச் சொன்னார், அந்தப் பக்கம் திரும்பச் சொன்னார். அப்போதும் திருப்தி வராமல் என் நாற்காலியில் தானே உட்கார்ந்து, மூலையில் அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்த்தார். முதலில் சந்தேகமாகத்தான் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் கழுத்தை நீட்டினார். "ஏறுதே" என்றார். "எதையாவது மூடு தாயி, ஏறுதே." அவருக்காக வைத்த காபி ஆறிப்போனது. பெண்ணைப் பிடித்திருக்கிறதா என்று அப்பா இரண்டு தடவை கேட்டும் அவர் திரும்பவில்லை.

அவர் மகன் என்னைப் பார்த்தார். நானும் அன்றைக்குத்தான் முதன்முதலாக அவரைப் பார்த்தேன். கன்னத்தில் கிரீஸ் இல்லாததால் சட்டென்று அடையாளம் தெரியவில்லை.

கம்ப்யூட்டர் இப்போது எங்களோடு கோயம்புத்தூரில் இருக்கிறது. கூடுதல் மெமரியோடு இரண்டு யானையும் முழுசாக வருகின்றன. மாமியாருக்கும் எனக்கும் ஒரு மனத்தாங்கலும் இல்லை. ஒன்றே ஒன்றுதான். இந்த வீட்டில் நான் காரணம் சொல்லாமல் சிரிக்க முடியாது. இதை எழுதும்போதுகூட, அப்பாவின் முழங்கை ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன். அடுப்படியிலிருந்து உடனே குரல் வந்தது.

"இன்னைக்கு யாரு தாயி தவறிட்டாக?"